படிமம்: பெயர் சொன்னால் போதுமா?



இந்தக் கட்டுரையை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் படிவம் 4 மாணவர்களுக்கு, தாங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தான். பாட்டி தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கட்டுரையில் ஒற்றுப் பிழை, லகர ளகரப் பிழை எல்லாம் வழக்கம்போல் இருந்தன. நடுவில் இப்படி ஒரு வரி: ‘என் பாட்டியின் கை பழைய பால்மரத்துப் பட்டை மாதிரி இருக்கும்.’

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் ‘மாதிரி’யை அடித்துப் ‘போல’ என்று திருத்தினேன். பிறகு வரி முழுவதையுமே அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ‘கண்ணினைக் காக்கும் இமை போல என்ற உவமைத்தொடரைப் பயன்படுத்துக.’

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் மேசைக்கு வந்தான். “டீச்சர், பாட்டி கை நெசமாவே அப்படித்தான் இருக்கும்” என்றான். “இருக்கட்டும்பா. ஆனா தேர்வுக்கு இதுதான் நல்லது” என்று அனுப்பிவிட்டேன். நல்ல பிள்ளை. திருத்தத்தைச் சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் எழுதிய கட்டுரைகளில் பட்டியலில் உள்ள உவமைத்தொடர்கள் மட்டுமே வந்தன. பாட்டியின் கை மறுபடி வரவே இல்லை.

அந்த வரியை நான் ஏன் அடித்தேன்? உவமையும் உருவகமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அவற்றின் பெயர்கள் நன்றாகவே தெரியும். பெயர் தெரிந்ததே போதும் என்று நினைத்துவிட்டேன். படிமத்துக்குப் பெயர் சொல்வது வேறு, அதைப் பார்ப்பது வேறு. நம் வகுப்பறைகளில் முதலாவது நிறைய நடக்கிறது. இரண்டாவது குறைவாகவே நடக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

படிமம் என்பது என்ன?

மாணவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘போல’, ‘அன்ன’, ‘ஒப்ப’ போன்ற உருபு வெளிப்பட்டோ மறைந்தோ வர, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது உவமை. இரண்டும் வேறு வேறு என்ற எண்ணத்தையே நீக்கி, இதுவே அது என்று சொல்வது உருவகம். படிமம் இவை இரண்டையும்விட அகலமான சொல். சொற்களைக் கொண்டு நம் மனத்தில் ஒரு காட்சியையோ, ஓசையையோ, தொடுவுணர்வையோ, மணத்தையோ, சுவையையோ எழுப்பி, அதன் வழியாக ஒரு பொருளை உணர்த்தினால் அது படிமம். புதுக்கவிதையைப் பற்றிப் பேசும்போது விமர்சகர்கள் இந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவார்கள். ஆனால் சொல் குறிக்கும் பொருள் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

உவமை வழியாகவும் படிமம் வரலாம், உருவகம் வழியாகவும் வரலாம். இரண்டும் இல்லாமலும் வரலாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘விடிந்து வெகு நேரம் ஆகியும் மங்குகளில் மழைத்தண்ணீர்தான் நிறைந்து கிடந்தது.’ இதில் ‘போல’ இல்லை, உருவகமும் இல்லை. ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது போதும். பால் இருக்க வேண்டிய மங்கில் மழைத்தண்ணீர் இருக்கிறது. அப்படியென்றால் இன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் இன்றைய சம்பளம் என்னாகும்? ‘அவர்கள் கவலைப்பட்டார்கள்’ என்று எழுதாமலே கவலை தெரிந்துவிட்டது.

இதெல்லாம் கவிஞர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். நாம் தினமும் பேசுவதைக் கவனியுங்கள். ‘காசு தண்ணியா ஓடுது’, ‘மனசு ஒடைஞ்சு போச்சு’, ‘மண்டை காயுது’, ‘வயிறு எரியுது’. காசுக்குக் கால் இல்லை, மனசு கண்ணாடி இல்லை. இருந்தும் யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்போது, தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது மொழியின் இயல்பு. ஆகவே படிமம் என்பது கருத்தை எழுதி முடித்த பிறகு மேலே ஒட்டும் ஜிகினா அல்ல. பல நேரங்களில் அது இல்லாமல் கருத்தைச் சொல்லவே முடியாது.

நகமும் சதையும்

நமது பாடத்திட்டத்தின் செய்யுளும் மொழியணியும் பகுதியில் உவமைத்தொடர்கள் இருக்கின்றன. நகமும் சதையும் போல, எலியும் பூனையும் போல, மலரும் மணமும் போல, இலைமறை காய் போல… மாணவர்கள் தொடரையும் பொருளையும் மனனம் செய்கிறார்கள். ‘நகமும் சதையும் போல – இணைபிரியாமல் இருத்தல்.’ கேட்ட உடனே விடை வரும்.

ஒரு நாள் வகுப்பில் இந்தத் தொடரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “உங்கள் விரலைப் பாருங்கள். நகமும் சதையும் சேர்ந்திருப்பது எப்போது உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “கதவுல நசுங்குனா தெரியும் டீச்சர்” என்றாள். இன்னொருவன், “நகம் பிஞ்சா உயிரே போயிடும்லா!” என்றான்.

அவ்வளவுதான். தொடருக்கு உயிர் வந்துவிட்டது. நகமும் சதையும் சேர்ந்திருப்பது சாதாரண நாள்களில் நம் கவனத்துக்கே வராது. பிரியும்போதுதான் வலி சொல்லிக் கொடுக்கிறது. ‘இணைபிரியாமல் இருத்தல்’ என்ற விளக்கத்தில் இந்த வலி இல்லை. விளக்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிட்டோம் என்கிறேன். பட்டியலில் உள்ள தொடர்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கூர்ந்து பார்த்ததால் பிறந்தவைதாம். புழங்கிப் புழங்கி மழுங்கியிருக்கின்றன. ஒரு கேள்வி கேட்டால் மறுபடி கூர்மை வந்துவிடுகிறது.

ஒரே அதிகாரம், மூன்று படங்கள்

இனி ஒரு பெரிய கவிஞர் இதை எப்படிச் செய்கிறார் என்று பார்ப்போம். திருக்குறளில் ‘நட்பு’ 79ஆவது அதிகாரம். நூலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 782, 783, 788 ஆகிய மூன்று குறள்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றும் நட்பைப் பற்றியவை. மூன்றிலும் உவமை இருக்கிறது. ‘உவமை அணி’ என்று பெயர் சொல்லி நிறுத்திவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். படத்தைப் பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

782இல் நிலவு. அறிவுடையவர் நட்பு பிறை வளர்வது போன்றது. பேதையர் நட்பு முழுநிலவு தேய்வது போன்றது. இரண்டுக்கும் ஒரே நிலவுதான் என்பதைக் கவனியுங்கள். வானத்தைக் கவனித்துப் பழக்கமில்லாத ஒருவர் ஏதோ ஒரு நாள் பாதி நிலவைப் பார்த்தால், அது வளர்கிறதா தேய்கிறதா என்று சொல்லிவிட முடியுமா? அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால்தான் தெரியும். நட்பையும் ஒரு நாளில் மதிப்பிட முடியாது என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை, நிலவு சொல்கிறது.

783இல் நூல். நல்ல நூல் படிக்கப் படிக்க இன்பம் தருவது போலப் பண்புடையவர் தொடர்பு பழகப் பழக இன்பம் தரும். இங்கே காலம் வேறு மாதிரி நகர்கிறது. நூல் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. அதே பக்கங்கள்தான். ஆனால் படிக்கிற நாம் ஒவ்வொரு முறையும் அதில் புதிதாக ஒன்றைக் காண்கிறோம். நண்பர் மாறவில்லை, நாம்தான் அவரை மேலும் மேலும் அறிந்துகொள்கிறோம்.

788க்கு வாருங்கள். ஆடை நழுவுகிறது, கை பாய்ந்து பிடிக்கிறது. இங்கே மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரு நொடிகூட இல்லை. கை யோசித்ததா? ‘உதவட்டுமா’ என்று கேட்டதா? முன்பு நமக்கு நீ என்ன செய்தாய் என்று கணக்குப் பார்த்ததா? இல்லை. சரி, பிடித்த பிறகு நாம் நம் கைக்கு நன்றி சொல்கிறோமா? அதுவும் இல்லை. ஏன்? அது நம் கை. வேற்றாள் அல்ல.

இன்னும் ஒன்று. ஆடை நழுவுவது வெறும் கஷ்டம் அல்ல. அது மானம் போகிற விஷயம். பரிமேலழகர் இந்த நிகழ்ச்சியை ஓர் அவையின் நடுவே நடப்பதாக எடுத்துக்கொண்டு உரை எழுதுகிறார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் நம் மானத்தை மூடிக் காப்பவன் நண்பன். அறிவுரை சொல்வது, கண்டிப்பது எல்லாம் அப்புறம். அவற்றுக்கும் அதே அதிகாரத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஆடை நழுவும் நொடியில் கை பாடம் நடத்துவதில்லை.

இப்போது ஒரு சோதனை செய்து பார்ப்போம். 788இல் கையை எடுத்துவிட்டு நகமும் சதையும் வைத்துப் பாருங்கள். நெருக்கம் மிஞ்சும், வேகம் போய்விடும். நிலவை வைத்துப் பாருங்கள். நிலவு பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஆடை தரையில் கிடக்கும்! ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? படம்தான் பொருள். வகுப்பில் நான் இதை ‘மாற்றிப் பார்க்கும் சோதனை’ என்று சொல்கிறேன். எந்தப் பாட்டுக்கும் இது பயன்படும்.

தொல்காப்பியர் உவமவியலில் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைக் காட்டுகிறார். செயல், விளைவு, வடிவம், நிறம் என்று எளிமையாகச் சொல்லலாம். 788இன் கை வினை உவமம். கையின் வடிவமோ நிறமோ அங்கே முக்கியமில்லை. அது செய்யும் காரியம்தான் முக்கியம். பழைய இலக்கணம்கூட நம்மைப் பெயரோடு நிற்கச் சொல்லவில்லை. எது எதனோடு எந்த வகையில் ஒத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது.

அணில் ஏன் ஆடுகிறது?

குறுந்தொகையில் ஓர் அழகான செய்தி உண்டு. அதில் சில புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வந்த படத்தையே அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். 41ஆம் பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். 54ஆம் பாட்டுக்கு மீனெறி தூண்டிலார், 305ஆம் பாட்டுக்குக் குப்பைக் கோழியார். அவர்களுடைய ஊர் தெரியாது, பெற்றோர் தெரியாது. கண்ட காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவே முகவரி ஆகிவிட்டது.

அணிலாடு முன்றிலார் பாட்டை வகுப்பில் எடுத்துப் பாருங்கள். ‘முன்றில்’ என்றால் வீட்டின் முற்றம். முற்றத்தில் அணில் விளையாடுகிறது. இந்தப் படம் என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் ‘மகிழ்ச்சி’ என்பார்கள். அணில் துள்ளுகிறது, விளையாடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. வேறென்ன?

ஆனால் பாட்டில் பேசுபவள் தலைவனைப் பிரிந்திருக்கும் தலைவி. அவன் அருகில் இருந்தால் மகிழ்கிறாள். அவன் இல்லாதபோது, ஆள்கள் விட்டுப் போன வீட்டின் முற்றத்தைப் போலப் பொலிவிழக்கிறாள். அணில் முற்றத்துக்கு வந்து பயமில்லாமல் எப்போது ஆடும்? மனிதர் யாரும் இல்லாதபோது. ஆக, அணில் இங்கே மகிழ்ச்சி அல்ல, வெறுமை. ‘வீடு காலியாக இருந்தது’ என்றால் ஒரு செய்தி. அணில் ஆடுகிறது என்றால், இங்கே முன்பு ஆள்கள் இருந்தார்கள், இனி விரட்டக்கூட ஒருவரும் இல்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தூரமான படம் அல்ல. தோட்டம் கைமாறி, ஆள்கள் வெளியேறிய பிறகு பழைய லயன் வீடுகளின் வாசலில் குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு அணிலுக்கு வந்தால், விளக்கவுரையே வேண்டியதில்லை.

இதிலிருந்து தேர்வு மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. எந்தப் பொருளுக்கும் நிரந்தரமான அர்த்தம் கிடையாது. ‘மலர் என்றால் மென்மை, இருள் என்றால் துன்பம், அணில் என்றால் மகிழ்ச்சி’ என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொருள் அந்தப் பாட்டில் எந்த இடத்தில், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்த பிறகே அதன் பொருளைச் சொல்லுங்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது?

கவிதை நயத்தைப் பாராட்டச் சொல்லும் கேள்விக்கு மாணவர்கள் அடிக்கடி இப்படி எழுதுகிறார்கள்: ‘இச்செய்யுளில் உவமை அணி சிறப்பாகப் பயின்று வந்துள்ளது. இது செய்யுளுக்கு அழகு சேர்க்கிறது.’ இந்த இரண்டு வாக்கியங்களை உலகத்தில் உள்ள எந்தச் செய்யுளுக்கும் எழுதலாம். அதுதான் இதன் குறை. செய்யுளைப் படிக்காமலே எழுதிவிடலாமே!

788ஆம் குறளுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நண்பனின் உதவியைக் கையின் செயலோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ஆடை நழுவும்போது கை யோசிப்பதில்லை; யாரும் அதை ஏவுவதும் இல்லை. கேட்பதற்கு முன்பே உதவுவதே நட்பு என்ற கருத்து இதனால் விளங்குகிறது. கை நம் உடம்பின் ஒரு பகுதி என்பதால், நண்பன் வேற்றாள் அல்லன் என்ற எண்ணமும் இந்த உவமையில் அடங்கியுள்ளது.’

நான்கே வாக்கியங்கள். பெரிய சொல் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் குறளைப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. இப்படி எழுத மூன்று கேள்விகள் உதவும்:

1. எனக்கு என்ன தெரிகிறது, கேட்கிறது, தொட்டது போல் இருக்கிறது?
2. ஏன் இந்தப் படம்? வேறொன்றை வைத்தால் எது போய்விடும்?
3. இந்தப் படம் சொல்லாமல் சொல்வது என்ன?

சொந்தமாக எழுதும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ‘அவள் முகம் கைத்தொலைபேசி போல ஒளிர்ந்தது’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். புதுமை இருக்கிறது. ஆனால் ஒளிர்வதைத் தவிர முகத்துக்கும் தொலைபேசிக்கும் வேறென்ன தொடர்பு? அந்த இடத்தில் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். தொலைபேசி அந்த மகிழ்ச்சிக்கு எதையும் சேர்க்கவில்லை. நள்ளிரவில், இருட்டு அறையில், வராத செய்திக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் முகத்தில் தொலைபேசியின் வெளிச்சம் மட்டும் விழுவதாக எழுதியிருந்தால் கதை வேறு. ‘போல’ சேர்த்தால் மட்டும் படிமம் ஆகிவிடாது. புதிதாக இருப்பது மட்டும் போதாது. அது வேலை செய்ய வேண்டும்.

ஆசிரியர் சிலர் கேட்கலாம்: “இதெல்லாம் சரி, உவமைத்தொடரைப் படிக்க வேண்டாமா?” கட்டாயம் படிக்க வேண்டும். மொழியணிக் கேள்வியில் உவமைத்தொடரைக் கேட்டால் மரபாக வழங்கும் தொடரைத்தான் எழுத வேண்டும். அங்கே சொந்தச் சரக்கு விடையாகாது. கட்டுரை அப்படி அல்ல. மரபுத் தொடருக்கும் அங்கே இடம் உண்டு, மாணவர் தம் கண்ணால் பார்த்ததற்கும் இடம் உண்டு. முதலாவதைக் கற்றுக்கொடுக்கிற வேகத்தில் இரண்டாவதை நாமே அடித்துவிடக் கூடாது.

மறுபடி அந்த வரி

அன்று நான் அடித்த வரியை இன்று அதே மூன்று கேள்விகளோடு படித்துப் பார்க்கிறேன். ‘என் பாட்டியின் கை பழைய பால்மரத்துப் பட்டை மாதிரி இருக்கும்.’

முதலில் தெரிவது வடிவம்: சொரசொரப்பு, கோடுகள், தழும்புகள். தொட்டுப் பார்க்கும் உணர்வும் இருக்கிறது. ஆனால் அதோடு முடியவில்லை. பால்மரத்தின் பட்டையை ஒரே நாளில் உரித்து எடுப்பதில்லை. உளியால் மெல்லிசாகச் சீவிச் சீவி, வெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். வெட்டிய இடத்தில் பட்டை மறுபடி வளரும். சில ஆண்டுகள் விட்டு, வளர்ந்த அந்தப் பட்டையிலேயே மறுபடி வெட்டுவார்கள். மரம் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டியின் கையும் அப்படித்தானே ஆகியிருக்கிறது? இத்தனை ஆண்டுகள் மரத்தை வெட்டியவரின் கை, கடைசியில் அந்த வெட்டுப்பட்ட மரம் போலவே ஆகிவிட்டது. அந்தக் கையிலிருந்துதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு வந்தது.

இதற்குப் பதிலாக நான் கொடுத்தது ‘கண்ணினைக் காக்கும் இமை போல’. நல்ல தொடர்தான். ஆனால் மாற்றிப் பார்க்கும் சோதனையில் என் திருத்தம் தோற்றுவிட்டது. இமை எல்லாப் பாட்டிக்கும் பொருந்தும். பட்டை அவன் பாட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். ‘மாதிரி’யைப் ‘போல’ என்று மாற்றியதோடு நான் பேனாவை மூடியிருக்க வேண்டும்.

அவனிடம் இதைச் சொல்ல முடியவில்லை; அதற்குள் பள்ளி முடித்துப் போய்விட்டான். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அடுத்த முறை கட்டுரை திருத்தும்போது, பட்டியலில் இல்லாத ஓர் உவமை கண்ணில் பட்டால், உடனே அடிக்காதீர்கள். மாணவரைக் கூப்பிட்டு, “இத எங்க பாத்தே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு, அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் அங்கே உள்ள ஒருவரின் கையை நன்றாகப் பாருங்கள். அது எதைப் போல இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியம் வேறு யாருடைய கைக்கும் பொருந்தாததாக இருக்கட்டும். எழுதியதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.